மூன்றாவது வரிசைக்கு மேலே

கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று எனக்குச் சொன்ன டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. தஞ்சாவூரில், செருப்பு விடவே இடம் தேட வேண்டிய அளவுக்குக் கூட்டம் சேருகிற ஆஸ்பத்திரி. "தலையைத் தொங்கப் போட்டே பழகிட்டீங்கம்மா. இனிமேயாவது நிமிர்ந்து உக்காருங்க," என்றார். வெளியே வந்து பெஞ்சில் பார்த்தால் எல்லாம் நம் வயதுக்காரிகள். எல்லோர் கழுத்திலும் எனக்குப் போட்ட அதே பட்டை. பக்கத்தில் இருப்பவளைப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டும். அப்படித் திரும்பித் திரும்பித்தான் சிரித்துக்கொண்டோம். குனிந்த தலை நிமிராத பெண் என்று பேர் வாங்க நாம் பட்ட பாடு அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இந்த வயதில் நிமிரச் சொல்கிறார். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

உங்கள் வீடுகளிலும் இருந்திருப்பாள், உயரமாக வளர்ந்துவிட்ட ஒருத்தி. எங்கள் வீட்டில் அது சித்தி. அம்மாவின் தங்கை. தாத்தா பாட்டி அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு சித்தியை அம்மாதான் வைத்துக்கொண்டாள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வயலும் வாய்க்காலுமாக ஓர் ஊர். அப்பா விவசாயம். சித்தி நிலைப்படியைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வாள். கிணற்றடியில், கோயிலில், பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் என்று எங்கேயும் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நிற்பாள். என்னோடு பேசும்போது மட்டும் உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்திருக்கும்போது அவள் வேறு ஆள் போல இருப்பாள். குரல்கூடக் கொஞ்சம் பெரிதாக வரும்.

பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, உசரந்தான்..." என்று இழுத்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கு அந்த இழுப்பு பழகிவிட்டது. அடுத்த முறைக்கு இன்னும் கவனமாகத் தயார் செய்வாள். "கதவோரமா நிக்காத, கதவு காட்டிக் குடுத்துடும். முழங்காலை லேசா மடக்கிக்க. பொடவைக்குள்ள யாருக்குத் தெரியப்போவுது?" என்பாள். பெரிய பூச்சரம் வைத்தால் தலை இன்னும் உயரும் என்று பூவைக்கூடப் பின்னலில் தாழ்த்தி வைப்பாள். தட்டை வைத்ததும் யாராவது ஒரு பெரியவர், "எல்லாரையும் கும்பிட்டுக்கம்மா" என்பார். சித்தி முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிடுவாள். அம்மாவுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் நிம்மதி. தரையில் கிடக்கும்போது யாருடைய உயரமும் தெரியாது.

நான் சொல்ல வந்தது ஒரு மழைக்காலத்தைப் பற்றி. அந்த வருஷம் ஐப்பசியில் மாமா திருச்சியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். ரயில்வேயில் வேலை. அவரும் நெடுநெடு என்று இருப்பார். ஆனால் ஆம்பளை உயரம் யாருக்கும் குறையாகப் படவில்லை. அங்கே ரயில்வேக் குடியிருப்பில் சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், நிறையப் பேர். அவர்கள் கிளப்பில் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுகிற ஆட்டத்தை மாமா கற்றுக்கொண்டுவிட்டார். வருஷக் கடைசியில் அதற்குப் போட்டி நடக்கும். அவரோடு ஜோடியாக ஆடிய பெண் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். போகும்போது தன் ஆட்டக் கவுனையும் குதிகால் உயர்ந்த செருப்பையும் மாமாவிடமே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதுதான் அந்தத் தகரப் பெட்டி.

"அக்கா, பாப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். என் உசரத்துக்கு அங்க வேற பொண்ணு இல்ல," என்றார் மாமா. சித்திக்கு வீட்டில் பாப்பா என்றுதான் பேர்.

அம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "கல்யாணம் ஆவாத பொண்ண ஊரு நடுவுல ஆட வைக்கப் போறியா? உனக்கு மூளை பெரண்டு போச்சா?"

"கூடப் பொறந்தவன்கூட ஆடுறதுல என்னக்கா? அங்க அப்பாவும் மவளுமே ஆடுவாங்க."

ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. மாமா ஒரு விவரம் கெட்ட மனிதர். ஆட்டங்களில் இடுப்பை வெட்டி வெட்டி ஆடுகிற வகையும் உண்டு என்பதை அவராகவே சொல்லித் தொலைத்தார். அம்மா கத்தியதில் கொல்லையில் மாடு மிரண்டது. கடைசியில் அப்பாதான், "மாப்ள, இடுப்பு வேணாம். மத்தது என்னமோ ஆடிட்டுப் போங்க," என்று தீர்ப்புச் சொன்னார். அப்படித்தான் ஜோடியாகச் சுழன்று சுழன்று ஆடுகிற வால்ட்ஸ் மட்டும் என்று முடிவானது. சித்தியை யாரும் கேட்கவில்லை. அவள் சுவரோரமாக உட்கார்ந்து அந்தச் செருப்பின் குதிகாலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

குறுவை அறுத்து முடித்துக் களம் காலியாகக் கிடந்தது. சிமெண்டுக் களம். மாமா லீவு கிடைக்கும்போதெல்லாம் பாசஞ்சரில் வந்து, அதை விளக்குமாற்றால் பெருக்கி, மழை ஈரத்தைச் சாக்கால் ஒற்றி எடுப்பார். பாட்டுப் பெட்டி எதுவும் கிடையாது. வாயாலேயே தாளம் சொல்லுவார். சுற்றிலும் சம்பா பச்சை. வாய்க்கால் நிறைந்து போகிற சத்தம். ஈர வைக்கோல் நாற்றம். அந்த வாசனை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு அவருடைய "ஒண்ணு ரெண்டு மூணு" கேட்கிறது. களை பறிக்கிற பெண்கள் இடுப்பை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "சின்னம்மா, அண்ணன் உங்களைத் தள்ளுறாரா, நீங்க அவரை இழுக்குறீங்களா?" என்று கேலி செய்வார்கள். சித்தி வெட்கத்தில் இன்னும் குறுகுவாள்.

"தோளை எறக்கு. முதுகை நிமித்து. கழுத்தை நீட்டு," என்பார் மாமா. "ஆடுறதுக்கு முன்னாடியே பாதி மார்க்கு போட்டுருவாங்க பாப்பா. எப்படி நடந்து வர்றோம், எப்படி நிக்கிறோம், அதுக்குத்தான்."

கிணற்றடியிலிருந்து அம்மா சொல்வாள்: "இது என்ன புதுசா? இங்க வர்றவங்களும் அதுக்குத்தானே போடுறாங்க."

சித்திக்குக் கால் வந்துவிட்டது. கழுத்து வரவில்லை. தாளம் தொடங்கியதும் தலை தானாகத் தரையைப் பார்க்கும். மாமா ஒருநாள் களத்தின் ஓரத்தில் மூன்று வரிசையாகச் செங்கல் அடுக்கினார். "இதெல்லாம் ஆளுங்க. மூணாவது வரிசையில உக்காந்திருக்கவங்களப் பாக்காத. அவங்களுக்கும் மேல பாரு. அங்க உனக்குப் புடிச்ச எதையாவது நெனச்சுக்க."

சித்தி செங்கலுக்கு மேலே பார்த்தாள். அங்கே வரப்பு, அதற்கப்புறம் ரயில் பாதை. என்ன நினைத்துக்கொண்டாளோ தெரியாது. கழுத்து மெதுவாக எழுந்தது. பத்து வயதுப் பெண்ணாக நான் நெல் மூட்டையின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை சித்தி அழகு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்குத் தோன்றியது.

மார்கழி வந்ததும் அம்மா மாறிவிட்டாள். எதிர்த்தவள்தான் ராப்பகலாக அந்தக் கவுனோடு மல்லுக்கட்டினாள். கடல் நீலத்தில் வழுவழு சாட்டின். கப்பலேறிப் போனவள் சித்தியைவிடக் குள்ளம். கவுன் சித்திக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. அம்மா தன் பழைய பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையை வெட்டி அடியில் ஒட்டுத் தைத்தாள். முதுகு திறந்திருந்த இடத்தை ஜாக்கெட் துணி வைத்து மூடினாள். நிறம் கொஞ்சம் ஒட்டாமல்தான் இருந்தது. "கிட்ட வந்தா பாக்கப் போறான்?" என்றாள். பூ விஷயத்தில் மறுபடி சண்டை. இதழ் உதிர்ந்தால் மற்ற ஜோடிகளுக்குக் கால் வழுக்கும் என்றார் மாமா. பூ இல்லாத தலையோடு பெண்ணை வாசல் தாண்ட விட மாட்டேன் என்றாள் அம்மா. கடைசியில் மிச்ச ஜரிகையைச் சுருட்டி, பூ மாதிரி தைத்துக் கொண்டையில் செருகினாள். எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று மாமா சொன்னதால் சீயக்காய் போட்டு அலசிக் காயவைத்த அந்தக் கூந்தல் நிற்கவே இல்லை. ஊசி ஊசியாகக் குத்தி அடக்கினார்கள்.

கிளம்பும்போது மாமா கடைசியாக எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினார். எங்கிருந்து நுழைவது, கையை எப்படி நீட்டுவது, வழுக்காமல் இருக்கச் செருப்பின் அடியை எப்படிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொள்வது. பிறகு, "ஆடி முடிச்சதும் ஜட்ஜுங்களைக் கும்பிட்டுட்டு எறங்கணும். அவ்வளவுதான்," என்றார். அதை மட்டும் அவர் செய்து காட்டவில்லை. கும்பிடத் தெரியாத பெண் உண்டா?

கரி ரயில். கவுன் மேல் கரித்தூள் படக் கூடாது என்று அம்மா அதை அப்பாவின் மல்வேட்டியில் மூட்டை கட்டி என் மடியில் வைத்திருந்தாள். வீட்டில் ஆள் வேண்டும் என்று அம்மா வரவில்லை; துணைக்கு என்னை அனுப்பினாள். தஞ்சாவூர் தாண்டியதும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கூடத்தின் தரைதான் முதலில் ஞாபகம் வருகிறது. மரத்தரை. மெழுகு போட்டு, விளக்கெல்லாம் அதில் தலைகீழாகத் தெரிந்தது. கேக் வாசனை, செண்ட் வாசனை. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். நான் எண்ணிப் பார்த்தேன், மூன்று வரிசைதான் இருந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். மாமாவின் கோட்டு முதுகில் ஒரு நம்பர் குத்தினார்கள். சித்தி திரை ஓரமாக நின்றாள். குதிகால் செருப்பில் மாமா உயரத்துக்கு வந்திருந்தாள். சட்டைக்காரப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் "உசரந்தான்" என்கிற இழுப்பு இல்லை என்பது எனக்கே புரிந்தது.

நன்றாக ஆடினாள். இதை நான் சொந்தக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. மற்ற ஜோடிகள் எத்தனை வேகமாகச் சுழன்றார்கள், எத்தனை நுணுக்கம் காட்டினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சித்தி சுழன்றபோது அம்மாவின் ஜரிகை வட்டமாக மின்னியது. தலை ஒருபக்கமாகச் சாய்ந்து, மேலே, மூன்றாவது வரிசைக்கும் மேலே. ஒரு தடவைகூடக் குனியவில்லை.

பாட்டு நின்றது. ஜோடிகள் ஒவ்வொன்றாக ஜட்ஜுகளின் மேஜைக்கு முன்னால் வந்து, ஆண் லேசாக முன்குனிய, பெண் கவுனை இரண்டு விரலால் பிடித்துத் துளி மடங்கிவிட்டுப் போனார்கள். சித்தி அவர்களைப் பார்க்கவில்லை. அவள்தான் மேலே பார்த்துக்கொண்டிருந்தாளே. இவர்கள் முறை வந்தது. மாமா முன்குனிந்தார். சித்தி முழங்காலிட்டாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி மரத்தில் பட, விழுந்து கும்பிட்டாள்.

மயக்கம் போட்டுவிட்டாள் என்று ஒருவர் தண்ணீர் எடுத்து ஓடி வந்தார். பிறகு எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அது நாற்காலி நாற்காலியாகப் பரவுவது எனக்குக் கேட்டது. முகம் தெரியாமல் சித்தி தரையில் கிடக்கிறாள். கொண்டையிலிருந்து ஜரிகைப்பூ கழன்று உருண்டுவிட்டது. ஓடிப்போய் எடுக்க வேண்டும் போல இருந்தது.

மாமா ஒரு கணம் அவளைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கோட்டோடு, பளபளவென்று தேய்த்த ஷூவோடு, அவரும் அவள் பக்கத்தில் விழுந்து கும்பிட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஜட்ஜுகளில் நரைத்த முடியைக் கத்தரித்திருந்த ஓர் அம்மாள் மேஜையைச் சுற்றி வந்து, சித்தியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். ஆணோ பெண்ணோ எல்லோரையும் 'மேன்' என்கிற அவர்கள் தமிழில், "எழுந்திரு மேன், எழுந்திரு. நல்ல ஆடினே. இந்த மாதிரி கழுத்து வச்சுக்கிட்டு நீ எதுக்குக் கீழே பாக்குறே?" என்றாள்.

பரிசு கிடைக்கவில்லை. காலை ரயிலில் திரும்பும்போது மாமா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "தப்பு என்னோடது பாப்பா. கும்புடுன்னு சொன்னேன், எப்படின்னு சொல்லல," என்றார். சித்தி திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "ஏண்ணே, நீயும் எதுக்கு விழுந்த?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். மாமா அவள் தலையில் லேசாகக் குட்டினார்.

தை பிறந்ததும் ஓர் இடம் வந்தது. நல்ல குடும்பம், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், பையன் வாத்தியார். அம்மா பழையபடி பாடம் நடத்தினாள். கதவோரம் வேண்டாம், முழங்காலை மடக்கு. சித்தி தலையாட்டினாள்.

தட்டோடு வந்தாள். எனக்கு அந்த நடை தெரிந்தது. களத்தில் பார்த்த நடை. தோள் இறங்கி, முதுகு நேராக, கழுத்து எழும்பி. தட்டை வைத்தாள். "எல்லாரையும் கும்பிட்டுக்கம்மா," என்றார் ஒரு பெரியவர். சித்தி நின்றபடியே இரண்டு கையையும் கூப்பினாள். வந்தவர்களின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துச் சிரித்தாள். போட்டிக்கென்று மாமா சொல்லிக்கொடுத்த சிரிப்பு.

"பொண்ணு யாரைப் பாக்குது?" என்று பையனின் அத்தை திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு அம்மா சித்தியை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்படியில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான் செத்தா உன்னை யாருடி பாத்துக்குவா? அவன் பாத்துக்குவானா? ஆட்டம் காட்டி உன் வாழ்க்கையையே ஆட்டிப்புட்டானே!" அம்மா அழுதது சித்தியைத் தொட்டுவிட்டது என்று நினைக்கிறேன். அவளுக்கு அம்மாவைத் தவிர யார் இருந்தார்கள்?

அடுத்த முறை மாமா வந்தபோது அம்மா அவரிடம் முகம் கொடுக்கவில்லை. அவர் களத்து ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த ரயிலுக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு கல்யாணம், காரியத்துக்கு மட்டும்தான் வருவார். அவர் இப்போது இல்லை. கவுனை அம்மா பிரித்துத் தலையணை உறை தைத்தாள். அதில் தலை வைத்தால் வழுக்கிக்கொண்டே போகும். எனக்கு அதில் தூக்கமே வராது. அந்தக் குதிகால் செருப்பு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை.

பங்குனியில் திருவிடைமருதூரிலிருந்து வந்தார்கள். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்வதற்கு முன்பே விழுந்து கும்பிட்டாள். பிடித்துவிட்டது. "உசரந்தான்... பரவால்ல, மணவறையில உக்காந்துதானே இருக்கப் போவுது," என்று அவர்கள் சிரிக்க, அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். கல்யாணப் போட்டோவில் சித்தப்பாவும் சித்தியும் ஒரே உயரம். அந்தப் புடவைக்குள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வலது காலை எடுத்து வைத்துப் புகுந்த வீட்டுக்குள் போனபோது நிலை தாழ்வு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நங்கென்று இடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்துக்கொண்டே நெற்றியைத் தேய்த்தாள்.

அம்மாவை நான் இப்போது குறை சொல்லவில்லை. அவள் தலையில் விழுந்த பாரம் அது. ஆனால் அவள் கணக்குத் தப்பு. அந்த வாத்தியார் வீட்டில் அவர்கள் வேண்டாம் என்றதற்குக் காரணம் சித்தியின் பார்வை இல்லை. பையனுக்கு வேறு இடத்தில் மனசு இருந்ததாம். எத்தனையோ வருஷம் கழித்து, ஏதோ கல்யாணத்தில், அதே அத்தை சாப்பாட்டுப் பந்தியில் சாதாரணமாகச் சொன்னாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்: "உங்க சித்தி நின்ன நிப்பு இருக்கே, ராசாத்தி மாதிரி. இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு." அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. அப்போது அம்மாவுக்குக் காது கேட்காது. கேட்டிருந்தாலும் என்ன செய்வாள்? எனக்கோ, அந்தத் தை மாதத்திலிருந்தே "குனிஞ்சு நட" தொடங்கிவிட்டது. நானும் உயரந்தான்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு சித்தியைப் பார்க்கத் திருவிடைமருதூர் போனேன். சித்தப்பா போய் நாளாகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். அதே வீடு, அதே தாழ்வான கதவு நிலைகள். என் கழுத்துப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, "உனக்குமா?" என்றாள். முதுகு நன்றாக வளைந்துவிட்டது அவளுக்கு. டாக்டர் நிமிரச் சொன்னதைச் சொன்னேன். சிரித்தாள்.

"அந்தக் களத்துல செங்கலுக்கு மேல பாத்தியே சித்தி, அங்க என்ன நெனச்சுக்கிட்ட?" என்று கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"ரயிலு வரும்ல. அதுல யாரோ ஒருத்தங்க ஜன்னல்ல இருந்து என்னையப் பாத்துட்டுப் போற மாதிரி நெனச்சுக்குவேன்," என்றாள்.

பிறகு காப்பி போட எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்கட்டை நோக்கி நடந்தாள். நிலையருகே வந்ததும் பழக்கத்தில் நான், "சித்தி, தலை!" என்று கத்திவிட்டேன். அவள் நின்றாள். கையை உயர்த்தி, தன் தலைக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தடவிக் காட்டினாள்.

"இப்பல்லாம் இடிக்கிறதே இல்லம்மா," என்று சொல்லிவிட்டு, குனியாமலேயே உள்ளே போனாள்.